மணலுக்குள் மறைந்த பொன்

மாணவர்களே, மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஒரு பொற்காசு புதைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தோண்டாமலே அதைக் கண்டறிய முடியுமா?

உலோகங்காணும் கருவியின் அடியில் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாய்வதால், மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் மணலுக்குள் பரவுகிறது. அது காசில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்ந்து கருவி ஒலிக்கிறது. ஆகவே, காந்தம் இழுக்காத பொன்னும் இதற்குத் தப்பாது.

ஆனால், அலை நனைத்த மணலில் உள்ள உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே காசு இல்லாமலேயே கருவி ஒலிக்கக்கூடும்!

உண்மையிலேயே புதையல் கிடைத்தால்? அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 2020 டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் கோயில் திருப்பணியின்போது கிடைத்த பொன்னும் வருவாய்த்துறை அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது.