வரியை ஏற்றியது யாருங்க?

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் நகரங்கள் ஓட்டுப் போட்டன. மார்ச் 2-ம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். 4-ம் தேதி மேயர்களும் தலைவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். போட்ட மாலை காய்வதற்குள், ஏப்ரல் முதல் தேதி சொத்து வரி உயர்வு வந்துவிட்டது. வீடுகளுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி 150 சதவீதம் வரை. ‘ஓட்டுக் கேட்டு வீடு வீடா வந்தப்ப ஒருத்தராவது இதைச் சொன்னாங்களா?’ என்று அந்த மாதம் முழுக்க டீக்கடைகளில் இதே பேச்சுதான். வந்தவர்களில் பலருக்கு அவர்களுக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

பிறகு மன்றங்கள் கூடின. ‘பொருள்’ வாசிக்கப்பட்டது. எதிர்க்கட்சி கோஷம் போட்டு வெளிநடப்பு செய்தது. மிச்சமிருந்தவர்கள் மேசையைத் தட்ட, ஆல் பாஸ். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று விளம்பரம் வந்தது, பரிசீலனை நடந்தது, இறுதித் தீர்மானமும் ஆனது. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சதவீதத்தில் ஒரு புள்ளியையாவது அந்த மன்றங்களால் கூட்டவோ குறைக்கவோ முடிந்திருக்குமா? இரண்டு முறை கவுன்சிலராக இருந்த ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். “தம்பி, அந்தத் தீர்மானத்துல நாங்க போட்ட நம்பர் ஒண்ணே ஒண்ணுதான். தீர்மானத்தோட வரிசை நம்பர்.”

விகிதம் மேலிருந்து வருகிறது. அரசியலமைப்பின் 243-எக்ஸ் பிரிவே அப்படித்தான்: உள்ளாட்சி எந்த வரியைப் போடலாம், எந்த வரம்புக்குள் போடலாம் என்பதை மாநிலச் சட்டம் சொல்லும். அதற்கும் மேலே 15-வது நிதி ஆணையம். 2021 முதல் 2026 வரைக்கான மத்திய மானியம் நகரங்களுக்கு வேண்டுமென்றால், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தாக வேண்டும். மாநிலத்தின் உற்பத்தி வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர்ந்தாக வேண்டும். டெல்லி நிபந்தனை போட்டது, தலைமைச் செயலகம் அதை அரசாணை ஆக்கியது, மன்றம் கை தூக்கியது. குப்பை வண்டி வரவில்லை என்றால் வார்டு கவுன்சிலரைக் கேட்கலாம். வரி ஏன் ஏறியது என்று கேட்டால் அவர் விரல் மேலே போகும். அந்த விரலைத் தொடர்ந்து போனால் இன்னொரு விரல்.

இதற்கு முந்தைய கதை இன்னும் சுவாரசியம். சென்னையில் கடைசியாகப் பொதுச் சீராய்வு நடந்தது 1998-ல். மற்ற ஊர்களில் 2008-ல். 2018 ஜூலையில் ஒரு உயர்வு வந்தது. அப்போது எந்த நகரத்திலும் மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 வரை எல்லாம் தனி அலுவலர்கள்தான். கேள்வி கேட்க ஆளில்லாத நேரத்தில் ஏறிய வரி, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபட்ட 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆள் இல்லாதபோது ஏற்று, தேர்தல் நெருங்கினால் இறக்கு, தேர்தல் முடிந்ததும் மறுபடி ஏற்று. வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. ஏற்றும் பழியைச் சுமக்க யாரும் தயாராக இல்லாததால் சென்னையில், நடுவில் ஏற்றி இறக்கியது போக, 24 வருஷம் நகராமல் கிடந்து, ஒரே மூச்சில் தாவியது.

தாவிய விதத்தையும் பார்க்க வேண்டும். சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீத உயர்வு. 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,200 சதுர அடி, இன்னொன்று 1,201. முதல் வீட்டுக்கு 3,500, இரண்டாவது வீட்டுக்கு 4,000. ஒரு சதுர அடிக்கு 500 ரூபாய், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை! குளியலறைச் சுவரின் பூச்சைச் சுரண்டியாவது அந்த ஓர் அடியைக் குறைத்திருப்பேன் என்றார் நண்பர் ஒருவர்.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு: துப்புரவுச் சம்பளம், டீசல், தெருவிளக்கு மின்கட்டணம் எல்லாம் ஏறியிருக்கும்போது வரி மட்டும் பழைய இடத்திலேயே நின்றால் ஊர் நாறிப்போகும். மும்பை, பெங்களூரு, புனேவைவிட இங்கே குறைவுதான் என்று அட்டவணையும் காட்டினார்கள். இருக்கட்டும்.

இனி இப்படித் தாவாமல் இருக்க ஒரு விதி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது கடந்த ஐந்தாண்டு மாநில உற்பத்தி வளர்ச்சியின் சராசரி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு வரி ஏறும். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. வருஷம் தவறாமல் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் வரி இரட்டிப்பு. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் வீட்டுக்கு மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சி எந்த வழியாக வந்து சேரும் என்று அந்த விதியில் இல்லை. சென்னையில் 2024 அக்டோபர் அரையாண்டில் 6 சதவீதம் ஏறியது. அடுத்த வருஷம், இந்த ஆண்டு உயர்வு கிடையாது என்று அறிவிப்பு. ஏற்றம் மேலிருந்துதான், இறக்கமும் மேலிருந்துதான். மன்றம் நடுவில் ஒரு கையெழுத்து.

வரி போடுகிறவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்தால் ஜனம் முணுமுணுக்காமல் கட்டும் என்பது புது யோசனை இல்லை. 1680-களில் சென்னப்பட்டினத்தின் கறுப்பர் நகரத்துக்குச் சுவர் கட்ட வரி கேட்டபோது மக்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் யோசித்தார்கள். கோட்டையில் இருக்கும் கம்பெனி போடும் வரியைக் கட்டாதவன், தன் ஆட்களே உட்கார்ந்து போடும் வரியைக் கட்டுவான் இல்லையா? 1688-ல் சென்னை மாநகராட்சி பிறந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். மேயர், 12 ஆல்டர்மேன்கள், அங்கி, ஊர்வலம் எல்லாம் வந்தன. வரி மட்டும் நினைத்தபடி வரவில்லை. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு சுவரை எழுப்பி, அதற்கும் ஜனங்களிடம் வரி கேட்கப் பார்த்தார்கள். சுவரில் பெரும்பகுதி போய்விட்டது, அந்த வரியும் கடைசிவரை வசூலாகவில்லை என்பார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில், அந்த வரியின் பெயரில், வால்டாக்ஸ் சாலை மட்டும் இருக்கிறது. கம்பெனி செய்ததெல்லாம் தந்திரம்தான். ஆனாலும் வரி கேட்கிறவரின் முகம் தெரிய வேண்டும் என்ற அளவுக்காவது அதற்குப் புரிந்திருந்தது.

சரி, இந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் குழு கொடுத்த தலைப்பு நகரத்து வரி. ஆனால் என்னை அரிப்பது நகரத்துக்கு வெளியே இருக்கிறது.

ஊராட்சியில் சொத்து வரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வீட்டு வரி. ஓட்டு வீடா, கான்கிரீட்டா, கூரையா என்று பார்த்து, தரைப்பரப்பை வைத்துப் போடுவார்கள். தொகை சொற்பம். நகரத்தில் கணக்கே வேறு: தெருவுக்கு ஓர் அடிப்படை மதிப்பு, அதிலிருந்து வாடகை மதிப்பு, அதிலிருந்து ஆண்டு மதிப்பு, அதில் சதவீதம். 2022-க்கு முன் சென்னையில் அந்தத் தெரு மதிப்பு குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை, கடைகளுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. ஊர் நகரத்தோடு சேர்ந்த மறுநாள், அதே வீடு, அதே சுவர், கணக்கு மட்டும் மாறும்.

கொங்குப் பக்கம், மாநகராட்சியோடு சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்ட ஓர் ஊர். பில் கலெக்டர் டேப்பைப் பிடித்து வீட்டை அளந்துகொண்டிருந்தார். வாசல், திண்ணை, உள்ளறை முடிந்து பின்பக்கம் போனார். சிமென்ட் சீட் போட்ட ஒரு சாய்ப்பு. அதற்கும் டேப் நீண்டது. கட்டுத்தறியில் இருந்த எருமை தலையைத் திருப்பிப் பார்த்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

“சாமி, அது மாட்டுக்குப் போட்ட சீட்டுங்க. மாடு என்ன எனக்கு வாடகையா குடுக்குது?”

“அளந்து எழுதறதுதானுங்கம்மா என் வேலை. ஆபீசுல சொல்லிப் பாருங்க.”

“எந்த ஆபீசுங்க சாமி? முன்னெல்லாம் தலைவரு ஊட்டுத் திண்ணையில போய்ச் சொல்லிப்போட்டு வருவோம்.”

அவர் பதில் சொல்லவில்லை. நோட்டில் நீளம், அகலம் எழுதிக்கொண்டார். அந்தத் தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரவில்லை. குடிநீர் ஊராட்சி காலத்து மேல்நிலைத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. குப்பைக்குத் தனிக் கட்டணம், அதுவும் சொத்து வரிச் சீட்டிலேயே.

ஊராட்சித் தலைவரை நான் புனிதர் ஆக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணக் கூடாது என்று பல தலைவர்கள் பல வருஷம் வீட்டு வரியைத் தொட்டதே இல்லை. ஊராட்சி எவ்வளவு வசூலிக்கிறதோ அதே அளவு மாநில அரசும் இணை மானியம் தரும் ஏற்பாடு இருந்த காலத்தில்கூட, வசூலிக்கத் தயங்கிய ஊர்கள் உண்டு. ஆனால் கேட்க ஓர் இடம் இருந்தது. வருஷத்துக்கு ஆறு கிராமசபை, தலைவரை நேராகத் தேர்ந்தெடுத்த ஓட்டு. நகரத்தில் ஏரியா சபை என்று 2022-ல் தொடங்கினார்கள். அங்கே சாக்கடை பேசலாம், நாய்த் தொல்லை பேசலாம். விகிதம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. அது அங்கே முடிவாவதில்லை.

2025 புத்தாண்டை ஒட்டி வெளியான அறிவிப்பில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகள், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகள் சேர்வதாக இருந்தது. பல ஊர்களில் மக்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்ற இரண்டு பயம். தேதியைப் பாருங்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. ஊரின் தலையெழுத்து மாறும் வேளையில் ஊருக்குத் தலைவர் இல்லை. 2018-ல் நகரத்துக்கு நடந்தது இங்கேயும் நடந்தது. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தத் தற்செயலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது.

நகரத்தோடு சேர்ந்தால் வசதியும் வரும் என்பார்கள். வரும், எப்போது என்பதுதான் கேள்வி. அதற்குச் சாட்சி 2022 உயர்வே. 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. 11 வருஷம் கழித்து வரி ஏற்றியபோது, சேர்ந்த பகுதிகளின் வீடுகளுக்கு 25, 50, 75, 100 என்று தனி விகிதம். பழைய சென்னைக்கு இருந்ததைவிட ஒவ்வொரு படியிலும் குறைவு. சலுகை என்று அதற்குப் பெயர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊராகிவிடவில்லை என்ற ஒப்புதலாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

இவ்வளவுக்கும் நம் ஜனம் வரி கட்ட மறுக்கிற ஜனம் இல்லை. உள்ளபடி, வரி போடுங்கள் என்று கெஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். புறம்போக்கில் வீடு கட்டியவரைக் கேளுங்கள்: ரசீதில் பெயர் ஏறினால் போதும், மின் இணைப்பு வரும், நாளைக்குப் பட்டா கேட்க ஒரு காகிதம் ஆகும். சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனை முறை சொன்னாலும், பீரோவில் பத்திரத்துக்கு மேலேதான் அது இருக்கும். நூலக வரியைப் பாருங்கள். வரியின் மேல் ரூபாய்க்கு 10 காசு, 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி. எதற்குக் கொடுக்கிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதை எதிர்த்து மறியல் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மிச்ச வரிக்கும் இப்படி ஒரு வரி விளக்கத்தைக் கேட்புச் சீட்டில் அச்சடிக்க மை எவ்வளவு செலவாகிவிடும்?

முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. இதெல்லாம் கணினியில் தானாக ஓடுகிறது. 6 சதவீதமும் அதே மாதிரி தானாக ஓட ஆரம்பித்தால், அதற்கு மன்றம் எதற்கு என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் தேர்தல் நடந்தால் சரி. நடக்காவிட்டால் அந்த ஏப்ரல் அரையாண்டுக்கான கேட்புச் சீட்டு, தனி அலுவலர் கையெழுத்தோடு வரும்.