லென்சைச் சோதிக்கும் சூரியன்

கேமராக் கடையில் 'யு.வி. ஃபில்டர்' என்று கேட்டால் ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பார்கள். அதை மாட்டினால் புற ஊதாப் படம் எடுக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி வேறு. பெயரில் ஒற்றுமை, வேலையில் நேர் எதிர்! அப்படியானால் கையில் உள்ள வடிகட்டியும் லென்சும் எந்த ஒளியை விடுகின்றன என்று எப்படி அறிவது? விலையுயர்ந்த கருவி வேண்டாம். நம் தலைக்கு மேலே காயும் சூரியனே போதும்.

முதலில், புற ஊதாப் படம் எதற்கு? நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைக் காண்கிறது. 400-க்குக் கீழே உள்ளது புற ஊதா. ஊதாவுக்கு அப்பாலும் ஏதோ ஒரு கதிர் சில்வர் குளோரைடைக் கருக்கச் செய்கிறது என்று 1801-இல் ரிட்டர் கண்டறிந்தார். தேனீக்கு இக்கதிர் தெரியும். நமக்கு முழு மஞ்சளாகத் தோன்றும் சூரியகாந்தி இதழ், புற ஊதாப் படத்தில் அடியில் கருத்தும் நுனியில் வெளுத்தும் காணப்படும். தேனீ காணும் பூவை நாமும் காண இது ஒரு வழி.

ஆனால் எல்லா லென்சுகளும் இதற்கு உதவுவதில்லை. ஈயம் கலந்த ஃபிளிண்ட் கண்ணாடி, லென்சுகளை ஒட்டும் பசை, மேற்பூச்சு ஆகியவை புற ஊதாவை உறிஞ்சிக்கொள்கின்றன. குவார்ட்சும் ஃபுளோரைட்டும் அதை நன்றாக விடும். அவற்றால் ஆன நிக்கான் நிறுவனத்தின் 'யு.வி. நிக்கார்' போன்ற லென்சுகள் மிக விலை கூடியவை. இருந்தாலும் மனம் தளர வேண்டாம். பழைய ஸ்டூடியோக்களில் தூசு படிந்து கிடக்கும் சில என்லார்ஜர் லென்சுகளும் புற ஊதாவை ஓரளவு விடுகின்றன. எது விடும், எது விடாது என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சூரியன் தரும் அளவுகோல்

சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதன் குறுக்கே கருங்கோடுகள் காணப்படும். இவை ஃபிரான்ஹோபர் வரிகள். சூரியனின் வெளி மண்டலத்திலுள்ள தனிமங்கள் குறிப்பிட்ட அலைநீளங்களை விழுங்குவதால் தோன்றுபவை. கால்சியத்தின் 'எச்' வரி 396.8 நானோமீட்டரிலும் 'கே' வரி 393.4-இலும் உள்ளன. பழனி மலை மேல் 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் இதே 'கே' வரியின் ஒளியில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்திருக்கிறார்கள். அதற்கும் அப்பால் 382.0-இல் 'எல்', 358.1-இல் 'என்', 336.1-இல் 'பி' என வரிகள் தொடர்கின்றன. இவை ஒருநாளும் இடம் மாறா. அச்சடித்த அளவுகோலைவிட நம்பத்தக்கவை.

சோதனை அமைப்பு

நீண்ட அட்டைப் பெட்டியின் உட்புறத்தைக் கறுப்பாக்குங்கள். ஒரு முனையில் இரு சவர பிளேடுகளை நெருக்கி வைத்து மெல்லிய பிளவு அமையுங்கள். பிளவுக்கு வெளியே, குழாய் இணைப்பில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் நாடாவைப் பல அடுக்காக ஒட்டி வெயிலில் வையுங்கள். அது புற ஊதாவை நன்கு சிதறச் செய்யும். மறுமுனையில் மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் கொண்ட, அலுமினியம் பூசிய எதிரொளிப்புக் கீற்றணியைப் பொருத்தி, அதிலிருந்து விரியும் நிறமாலையைக் கேமரா காணும்படி செய்யுங்கள். கேமராவில் சென்சாரின் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடி அகற்றப்பட்டிருக்க வேண்டும். சூரியனை நேராகக் கண்ணாலோ லென்சு வழியாகவோ ஒருபோதும் பார்க்காதீர்கள்.

முதல் படத்தை லென்சு இல்லாமல், ஊசித்துளை வழியாக எடுங்கள். துளையில் கண்ணாடி இல்லை. எனவே உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. வரிகள் மங்கினாலும் நிறமாலை எங்கே முடிகிறது என்பது தெரியும். அதுவே இந்த அமைப்பின் எல்லை. பிறகு லென்சைப் பொருத்தி எடுங்கள். இரண்டு படங்களிலும் பச்சைப் பகுதி ஒரே அளவு வெளிச்சமாக இருக்குமாறு எக்ஸ்போஷர் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஊசித்துளைப் படம் 'பி' வரை செல்ல, லென்சுப் படம் 'கே' அருகிலேயே நின்றுவிட்டால் அந்த லென்சு நமக்கு ஆகாது. 'என்' வரி தெரிந்தும் கலங்கியிருந்தால், புற ஊதாவுக்குக் குவியம் வேறிடத்தில் விழுகிறது என்று பொருள். குவியத்தைத் திருத்திப் பாருங்கள்.

ஏமாற்றும் பொருள்கள்

டெஃப்ளானுக்குப் பதில் வெள்ளைக் காகிதம் வைக்கலாமா? கூடாது. அதிலுள்ள வெளுப்பூட்டி புற ஊதாவை விழுங்கி நீல ஒளியாக உமிழும். குறுந்தகடும் வேண்டாம், அதன் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் புற ஊதாவைத் தடுக்கும். பின்புறம் ரசம் பூசிய முகக்கண்ணாடியும் அப்படியே. ஒளி இருமுறை கண்ணாடிக்குள் சென்று வர வேண்டியிருக்கிறது.

நேரமும் முக்கியம். காற்றின் மூலக்கூறுகள் 700 நானோமீட்டர் ஒளியைவிட 350 நானோமீட்டர் ஒளியை 16 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. ஆகவே மாலை வெயிலில் சோதித்துவிட்டு லென்சின் மேல் பழி போடாதீர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கே வருகிறது. அந்நாள்களில் வானம் தெளிந்திருந்தால் பகல் 11 முதல் 1.30 வரை நல்ல நேரம். அப்போதும் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே எதுவும் கிட்டாது. ஓசோன் படலம் தடுத்துவிடும். அந்தப் பகுதியில் சூரியனைப் படமெடுக்கத்தான் 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், 200 முதல் 400 நானோமீட்டர் வரை காணும் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது.

வேப்பமரம் சொல்லும் சாட்சி

இனி வடிகட்டி. புற ஊதாவை விடும் கருங்கண்ணாடிகள் பல, 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பையும் கசியவிடுகின்றன. சிலிக்கன் சென்சாருக்கோ அகச்சிவப்பு என்றால் கொண்டாட்டம். வடிகட்டியை மாட்டி நிறமாலையைப் படமெடுங்கள். ஊதாவுக்கு அப்பால் ஒரு பட்டை மட்டும் இருந்தால் நல்லது. சிவப்பு முனையிலும் ஒரு பட்டை தோன்றினால் கசிவு இருக்கிறது. அதைத் தடுக்க இன்னொரு கண்ணாடி சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேப்பமரத்தைப் படமெடுத்துப் பாருங்கள். இலைகள் புற ஊதாவில் கருமையாகவும் அகச்சிவப்பில் வெண்மையாகவும் தெரியும். வெள்ளை வேப்பமரம் கிடைத்தால் நீங்கள் எடுத்தது புற ஊதாப் படமே அன்று. இச்சோதனையைச் செய்யாமல் ஒரு பூவைப் படமெடுத்து, 'தேனீ காண்பது இது' என்று எழுதினால் அகச்சிவப்பைப் புற ஊதா என்று சொல்லும் பிழை நேரும். கருவியைச் சோதித்த பிறகே அது காட்டுவதை நம்ப வேண்டும். உங்கள் ஊரிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை, செய்து பாருங்கள்!