மிதிவண்டி கடல் கடந்தது. டெபிட் கார்டு கடக்கவில்லை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விதுராவைத் தாண்டியபின் சாலை காட்டுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே தேயிலைத் தோட்டம், ஓய்ந்து கிடக்கும் தொழிற்சாலை, தொழிலாளர் லயங்கள். அவற்றுக்கும் மேலே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலை. மிதிவண்டியில் பழக விரும்புவோருக்கு இந்த ஏற்றம் நல்ல பயிற்சிக் களம். நானும் எப்போதாவது ஏறுவதுண்டு. ஏறுகிறேன் என்பதைவிடப் பாதி வழி வண்டியைத் தள்ளுகிறேன் என்பதே பொருந்தும்.

அந்த லயம் ஒன்றில் பிறந்து, இப்போது நகரில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம் வங்கியின் வாடிக்கையாளர். ஒரு நாள் என் மேசைக்கு முன் அமர்ந்து, "சார், போனக்காட்டிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பி, கடலோரமாகப் போய், கப்பலேறித் தலைமன்னார் வரை போகப் போகிறேன். பணம் எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்டார். தலைமன்னார் எதற்கு என்றேன். அவருடைய பாட்டியின் அண்ணன் இளம் வயதில் அந்தத் துறையில் இறங்கித்தான் இலங்கைத் தோட்டத்துக்குப் போனாராம். பிறகு கடிதமும் நின்றுவிட்டது. "அந்தத் துறையைப் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் சொல்ல வேண்டும் சார்" என்றார்.

அவருடைய பாட்டியின் காலத்தில் இது ஒரே பயணச்சீட்டில் முடிந்த காரியம். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், மறுகரையில் மீண்டும் ரயிலும் இணைந்து ஓடின. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. நீண்ட இடைவெளிக்குப் பின், 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கப்பெற்று, சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரம். ஆகவே இராமேசுவரத்துக்கு நேர் எதிரே இருக்கும் தலைமன்னாரை அடைய, இன்று நாகை சென்று, யாழ்ப்பாணத்தில் இறங்கி, தெற்கே மிதித்து வர வேண்டும்.

ஐரோப்பாவில் இத்தகைய பயணங்களுக்கென்றே 'யூரோவேலோ' என்னும் நெடுந்தூர மிதிவண்டித் தடங்கள் உள்ளன. பிரான்சின் ரோஸ்கோஃப் நகரிலிருந்து டன்கர்க் வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கடலை ஒட்டியே வரும் தடம், அப்படியே பெல்ஜியத்துக்குள் நுழைகிறது. வழிநெடுகப் பெயர்ப்பலகைகள் உண்டு. எல்லையைக் கடந்ததைப் பயணி கவனிக்காமலே போகலாம். கடவுச்சீட்டுச் சாவடி இல்லை, இரு நாட்டிலும் நாணயம் யூரோ. நம் பக்கம் நிலைமை நேர்மாறானது. மொழி ஒன்று, இரு நாட்டிலும் வண்டி சாலையின் இடப்பக்கமே செல்கிறது, உணவும் அந்நியமன்று. ஆனால் நாணயம் வேறு, சுங்கம் உண்டு, வழிகாட்டும் பலகை ஒன்றும் இல்லை. பாதையை நாமே கோத்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர் கோத்த பாதை நன்றாகவே இருந்தது. மலையிறங்கிப் பூவாறு, அங்கிருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம் வழியாகக் கன்னியாகுமரி. (பூவாறிலிருந்து வடக்கே காசர்கோடு வரை கேரள அரசு திட்டமிட்டுள்ள கடலோர நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கெனத் தனித் தடமும் உண்டு. அது முழுமையடையும் நாளில் இன்னொரு கட்டுரை எழுதலாம்.) பின்னர் உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி, சாயல்குடி, இராமநாதபுரம், தொண்டி, மீமிசல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம், நாகப்பட்டினம். கன்னியாகுமரிக்குப்பின் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சமதரை. ஏற்றமில்லையே என்று மகிழ வேண்டா; இங்கே காற்றுதான் மலை. தென்மேற்குப் பருவத்தில் அது முதுகைத் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் முகத்தில் அறையும், புயலும் வரும், கப்பலும் நிற்கும். அவர் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இனி என் பங்கு. அவரிடம் நான் சொன்னவற்றை முதலில் எழுதுகிறேன். சொல்ல மறந்ததைப் பிறகு.

இந்தியாவில் வசிப்பவர், நேபாளம், பூட்டான் தவிர்த்த பிற நாடுகளுக்குச் செல்லும்போது கையில் ரூ.25,000 வரை இந்திய ரூபாய்த் தாள்களைக் கொண்டுசெல்லலாம். திரும்பும்போதும் அதே வரம்பு. அந்நியச் செலாவணியை வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுநரிடமோ மட்டுமே வாங்க வேண்டும். ரூ.50,000க்கு உட்பட்ட தொகையாயின் ரொக்கம் செலுத்தலாம். மேற்பட்டால் கணக்கு வழியாகத்தான். இலங்கை ரூபாயை நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. சிறு மதிப்பு டாலர் தாள்கள் சிலவற்றுடன் சென்று, மறுகரையில் மாற்றிக்கொள்வது எளிது. முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் இலங்கை ரூபாயை ஏற்றும் வசதி பொதுவாக இராது. டாலரை ஏற்றி இலங்கை ரூபாயில் செலவிடும்போது, இரண்டாவது மாற்றத்துக்கும் கட்டணம் விழும். வாங்கும்முன் இதைக் கேட்டறிக.

டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மாற்றுக் கட்டணம் உண்டு. எடுத்துக்காட்டாக, அது 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். ரூ.40,000 செலவிட்டால் கட்டணம் ரூ.1,400, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ரூ.252, மொத்தம் ரூ.1,652. நாகையில் இரண்டு நாள் தங்கும் செலவு இது. ஏடிஎம்மில் எடுத்தால், ஒவ்வொரு முறைக்கும் தனிக்கட்டணம். எனவே சிறுகச் சிறுகப் பலமுறை எடுப்பதைத் தவிர்க்க. கடையிலோ ஏடிஎம்மிலோ இயந்திரம், "இந்திய ரூபாயில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்தில் கழிக்கவா?" என்று வினவினால், உள்ளூர் நாணயத்தையே தேர்க. இந்திய ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தை இயந்திரத்துக்கு உரியவர் முடிவு செய்கிறார். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ வழியாகவும் பணம் செலுத்தலாம். அங்குள்ள கியூஆர் பலகையை நம் செயலியால் படித்தால் போதும். ஆனால் செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன்பே இயக்க வேண்டும். சாலையோரத் தேநீர்க் கடையில் கியூஆர் இருக்கும் என்று நம்பிச் செல்லவும் கூடாது.

மிதிவண்டிக்கும் ஆவணம் தேவை. விலையுயர்ந்த வண்டியாயின், வாங்கிய ரசீதையும், பெடல் அச்சுக்குக் கீழே சட்டகத்தில் பொறித்துள்ள எண்ணையும் எடுத்துச்செல்க. புறப்படும் துறையிலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றால், திரும்பும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியதோ?' என்ற கேள்வி எழாது. கப்பல் நிறுவனத்திடம் வண்டியை ஏற்றும் முறை, எடை வரம்பு, கட்டணம் ஆகியவற்றை முன்னதாகவே கேட்பது நலம். இளைஞர் சக்கரங்களைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் கட்டி, பயணப்பொதியாக ஏற்றினார். பயணக் காப்பீடு எடுக்கும்போது, மிதிவண்டியோட்டும்போது நேரும் விபத்து அதில் அடங்குமா என்று விதிமுறையைப் படிக்க வேண்டும். மருத்துவச் செலவைத் தரும் பாலிசி, தொலைந்த வண்டிக்கும் தரும் என்று எண்ணிவிடலாகாது.

இவ்வளவையும் சொல்லி அனுப்பினேன். யாழ்ப்பாணம் வரை அவர் அனுப்பிய படங்கள் மகிழ்ச்சி தந்தன. சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, அடுத்து மன்னாரின் பெருக்க மரம். மறுநாள் காலை மன்னாரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"சார், ஏடிஎம் கார்டை ஏற்கவில்லை. கையிலிருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. விடுதிக்குக் கொடுக்கக்கூடப் பணமில்லை."

"இந்திய ரூபாய் இருக்குமே, தம்பி? மாற்றிக்கொள்ளலாமே."

"இன்று எல்லாம் மூடியிருக்கிறது. போயா தினமாம்."

அன்று பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா எனப்படும் பொது விடுமுறை, வங்கிகள் திறக்கா. இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் கார்டுகள் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியிலோ, இணைய வங்கியிலோ, கிளையிலோ இயக்கிக்கொள்ள வேண்டும். திருட்டைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு. இருபது ஆண்டுகளாக வங்கி மேசையில் அமரும் நான், அதை நினைவூட்ட மறந்தேன்.

"செயலியில் இப்போதே இயக்கலாமே" என்றேன். இயக்க முனைந்தால் ஓடிபி வரவேண்டும். அது பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு வரும். அந்த எண்ணில் ரோமிங் இல்லை. இலங்கையில் வாங்கிய சிம்மில் இணையம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இறுதியில், தொலைபேசி நிறுவனத்தின் செயலி வழியே இந்திய எண்ணுக்கு ரோமிங் பெற்று, ஓடிபி வந்து, கார்டு இயங்கத் தொடங்க நண்பகல் ஆயிற்று. அதுவரை விடுதிக்காரர் சோறும் மீன்குழம்பும் கொடுத்து, "காசு மெதுவாத் தாங்கோ, தம்பி" என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நல்ல மனத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

அதன்பின் வெளிநாடு செல்வதாகச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பவை மூன்று. கார்டில் பன்னாட்டுப் பயன்பாடு இயங்குகிறதா? கணக்கில் பதிந்த எண்ணுக்கு ரோமிங் உள்ளதா? செல்லும் நாட்டின் விடுமுறை நாள்கள் எவை? மிதிவண்டிப் பயணிக்கு இவை மேலும் முக்கியம். அவர் பெருநகர்களைத் தவிர்த்துச் சிற்றூர்களில் தங்குகிறார்; அடுத்த ஏடிஎம் அவருக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கலாம். ஆகவே இரு வேறு கார்டுகளை இரு வேறு பைகளில் வைப்பதும், ஒரு நாள் செலவுக்கான உள்ளூர்த் தாள்களை எப்போதும் மீதம் வைப்பதும் தேவை. திரும்பியபின், நாடு திரும்பியவர் 2,000 டாலருக்குச் சமமான அந்நியத் தாள்கள் வரை தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். மிகுந்ததை 180 நாளுக்குள் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும்.

அன்று பிற்பகலே அவர் மன்னாரிலிருந்து எஞ்சிய 30 கிலோமீட்டரை மிதித்துத் தலைமன்னார்த் துறையை அடைந்தார். அங்கே பழைய இறங்குதுறையின் தூண்கள் கடலுக்குள் நிற்கும் படத்தை அச்சிட்டுப் பாட்டியிடம் கொடுத்திருக்கிறார். பாட்டி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியிலயா அண்ணன் போச்சு?" என்று மட்டும் கேட்டாராம். எனக்கு அவர் தந்தது ஓர் இலங்கை நூறு ரூபாய்த் தாள். அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, வரம்புக்கு உட்பட்டுத்தான்.