தோட்டத்து மண்ணுக்கு டொலமைட் உண்டு, கடலுக்கு?

கடலைக் காணப் பல மணி நேரம் பயணிக்க வேண்டிய வெலிமடை மக்களுக்கும், ஊவாத் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கும் கடல்நீரின் அமிலத்தன்மை பற்றிய கவலை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்மையில், இவ்விடயத்தை ஏனையோரை விட இலகுவாக விளங்கிக்கொள்ளக் கூடியவர்கள் அவர்களே.

தேயிலைக்கு ஓரளவு அமில மண்ணே உகந்தது. எனினும், ஆண்டுக்கணக்கில் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் இட்ட மண்ணில் அமிலம் அளவு மீறும்போது, கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் இடப்படுகிறது. மரக்கறிச் செய்கையாளர்களும் இதனை அறிவர். டொலமைட்டிலுள்ள காபனேற்று, அமிலத்தை முறித்துத் தானும் தீர்ந்து போகிறது.

கடலிலும் நிகழ்வது இதுவே. வாகனங்களிலிருந்தும் அனல்மின் நிலையங்களிலிருந்தும் மனிதன் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகிறது. சோடாவில் அடைக்கப்படும் வாயுவும் இதுதான். நீருடன் சேர்ந்ததும் அது காபோனிக்கமிலமாகி, ஐதரசன் அயன்களை வெளிவிடுகிறது. அவ்வயன்கள் கடல்நீரிலுள்ள காபனேற்றைப் பற்றி, இருகாபனேற்றாக மாற்றிவிடுகின்றன. முருகைகளும் சிப்பிகளும் தமது ஓட்டையும் கூட்டையும் கட்டுவது அதே காபனேற்றைக் கொண்டுதான். கொத்தனார் இருக்கிறார், சுண்ணாம்பு இல்லை என்ற நிலை அது.

கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை, காரத்தன்மையுடனேயே இருக்கிறது. கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் 8.2 அளவிலிருந்த அதன் மேற்பரப்பு நீரின் பீ.எச். பெறுமானம், இன்று 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. அற்ப வித்தியாசமாகத் தோன்றினும், இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்காகும். எனவே ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ 30 சதவீதம் பெருகிவிட்டன என்பதே இதன் பொருள்.

1998 இல் கடல் வெப்பமடைந்து ஹிக்கடுவை முருகைகள் வெளிறி மடிந்தமை வேறு காரணத்தால் நேர்ந்தது. ஆனால், மடிந்த பாறை மீண்டும் வளரக் காபனேற்று வேண்டும். தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியதும் நாமே என்பதை இங்கு மறைப்பதற்கில்லை. முருகைப் பாறைகள் மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடங்கள். அவை தேய்ந்தால், வெலிமடைச் சந்தையின் மீன் விலையிலும் லயன் வீட்டுக் கருவாட்டிலும் அது தெரியவரும்.

இயற்கையிடம் மருந்து இல்லாமலில்லை. வளியிலுள்ள இதே வாயு கரைந்த மழைநீர் மலைப்பாறைகளை மெல்லக் கரைத்து, இருகாபனேற்றையும் கல்சியத்தையும் ஆறுகள் வழியே கடலுக்கு அனுப்புகிறது. வெலிமடையைத் தழுவிச் செல்லும் உமா ஓயா, மகாவலியில் கலந்து திருகோணமலைக் கரையைச் சேரும்போது இச்சிறு சீதனத்தையும் கொண்டுசெல்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் நிறைவேறும் இவ்வேலை, இருநூற்றைம்பது ஆண்டுகளில் கக்கப்பட்ட புகைக்கு ஈடுகொடுக்க இயலாது.

கடலுக்கே காரப்பொருள் இடும் பரிசோதனைகள் இன்று சில நாடுகளில் நடைபெறுகின்றன. தோட்டத்தில் சில மூடை டொலமைட் போதும். கடலுக்கு வேண்டியதோ மலை மலையாய்க் கல். அதை அகழவும் அரைக்கவும் ஏற்றிச் செல்லவும் எரிபொருளை எரித்தால், அதே வாயுவே மீண்டும் வெளியேறும்.