ஊரும் பாடசாலையும்

பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவருகின்றது. வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டம் என்று அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. அதைக் கண்டதும் தாயின் மனத்தில் எழும் வினா யாது? “இம்முறை எவ்வளவு காசு கேட்கப் போகிறார்களோ?” என்பதே. பாடசாலைக்கும் பெற்றாருக்கும் இடையே நிகழும் பேச்சு பெரும்பாலும் எந்நிலையில் நிற்கின்றது என்பதற்கு இந்த ஒரு வினாவே போதிய சான்று. மதில் கட்டவும், சுவருக்கு நிறந்தீட்டவும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தலிடவும் நாம் கூடுகின்றோம். பிள்ளைகள் கற்கின்றனரா என்று கேட்பதற்குக் கூடுவது அரிதாகவே உள்ளது.

நம் முன்னோர் காலத்தில் நிலைமை வேறு. 1848ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அரசாங்கப் பணத்தை நம்பித் தொடங்கினாரல்லர். 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமந்தோறும் பாடசாலைகளை நிறுவியபோதும் ஊரவரின் துணையே அவற்றைத் தாங்கிற்று. ஒருவர் காணி கொடுத்தார்; ஒருவர் பனைமரம் கொடுத்தார்; ஏனையோர் கிடுகு பின்னிக் கூரை வேய்ந்தனர். தாம் வேய்ந்த கூரையின்கீழ் நடப்பது யாது என்று கேட்பதற்கு அவர்கள் தயங்கவில்லை.

ஆயினும், அக்காலத்தை முற்றாகப் புகழ்ந்துவிடலும் ஆகாது. ‘ஊர்’ என்று நாம் சொல்லும்போது ஊரில் வாழ்ந்தோர் அனைவரும் அச்சொல்லில் அடங்கினரா? சாதியாற் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் பல பாடசாலைகளில் வாங்கிலே இருக்க விடப்படவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டிச் சமஆசன முறை புகுத்தப்பட்டபோது, அதைப் பொறாதவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீயிட்டதும் யாழ்ப்பாண வரலாற்றில் உள்ளதே. ஊரின் குரல் என்று நாம் கேட்பது சில வேளைகளில் ஊரிலே உரத்துப் பேசுவோரின் குரல் மாத்திரமே என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

பின்னர் அரசு முன்வந்தது. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943ஆம் ஆண்டிலே தன் அறிக்கையை வெளியிட்டது. அரசாங்க சபையிலே நீண்ட வாதம் நிகழ்ந்தபின், 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1977ஆம் ஆண்டின் பின்னர் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அவ்வாறே பொறுப்பேற்கப்பட்டன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஏழையின் பிள்ளை எவர் தயவுமின்றி வகுப்பிலே சென்று அமரும் உரிமை பெற்றது. ஆனால், ஒன்று நழுவிற்று. “பாடசாலை அரசாங்கத்தினுடையது, நமக்கு அதிலே என்ன பேச்சு?” என்னும் எண்ணம் ஊராரிடத்து வேரூன்றிற்று.

இக்குறையைச் சட்டம் அறியாமலில்லை. பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென 1993ஆம் ஆண்டிலே சட்டமொன்று இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பாடசாலை மேம்பாட்டுத் திட்டமும் அதிபர், ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் ஆகியோர் ஒருங்கிருந்து முடிவு செய்தலை நோக்கமாகக் கொண்டது. ஆகவே, அமைப்புக்கள் இல்லாமையன்று நமது குறை. அவற்றினுள்ளே நிகழவேண்டிய பேச்சு நிகழாமையே குறை.

அப்பேச்சு எவ்வாறு நிகழவேண்டும்? முதலாவதாக, வராதவர் யாவர் என்று பார்த்தல் வேண்டும். வேலைநாளிற் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் மலையகத்திலே கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய ‘பேர்’ இல்லாமற்போகும். இரவு முழுதும் கடலிலே தொழில் செய்து விடியலிற் கரைசேர்ந்த தந்தை அந்நேரம் உறக்கத்திலிருப்பார். அறுவடைக் காலத்திற் கமக்காரர் வயலை விட்டு வரார். இவர்கள் வாராமையைக் கண்டு, “பெற்றாருக்கு அக்கறையில்லை” என்று முடிவு கட்டுதல் நியாயமன்று. அவர்கள் வரக்கூடிய நேரத்தை அவர்களிடமே கேட்டு அறிதல் எளிது. சில வேளைகளிற் கூட்டமே கோயில் மண்டபத்துக்கோ, லயத்து முற்றத்துக்கோ செல்லலாம்.

இரண்டாவதாக, கட்டடத்தைப் பிற்படுத்திப் பிள்ளையை முற்படுத்தல் வேண்டும். உதாரணமாக, மூன்றாந் தரத்தில் நாற்பது பிள்ளைகள் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். “இவர்களில் இருபத்தாறு பேர் தம் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கின்றனர், பதினான்கு பேர் இடர்ப்படுகின்றனர்” என்று அதிபர் எவர் பெயரையும் சுட்டாமற் சபையில் எடுத்துரைக்கட்டும். அதன்பின் பேச்சுத் தானே பிறக்கும். “மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையாற் பிள்ளை வரமுடியாது” என்பார் ஒருவர். “கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை என்று என் பேரன் சொல்கிறான்” என்பார் ஒரு பாட்டியார். “ஆறு மாதமாக அந்த வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை” என்பார் ஓர் ஆசிரியை. ஒழுங்கையை ஊரார் திருத்தலாம். பேரனின் கண்ணைப் பரிசோதிப்பிக்கலாம். ஆசிரியருக்காக எல்லோரும் கையொப்பமிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய சிலருக்கு மாலை சூட்டுவதோடு கூட்டம் முடியுமாயின், இந்தப் பதினான்கு பேரையும்பற்றி எவர் பேசுவார்?

இங்கே இரு திறத்தாரிடத்தும் ஓர் அச்சம் உண்டு. பெற்றார் தம்மைக் குற்றஞ் சாட்டுவரோ என்று ஆசிரியர் அஞ்சுகின்றனர். நாலெழுத்து அறியாத நாம் என்ன பேசுவது என்று பெற்றார் அஞ்சுகின்றனர். மேடையிலே நாற்காலிகளும், கீழே சிறு பிள்ளைகளின் வாங்குகளும் இருக்கும்வரை இவ்வச்சம் நீங்காது. எல்லோரும் ஒரே மட்டத்தில் வட்டமாக அமர்தல் சிறு காரியந்தான். அதன் பயனோ பெரிது. எழுத்தறியாத தாயும், தன் பிள்ளை எப்போது சோர்கின்றது, எதைக் கண்டு மகிழ்கின்றது என்பதை அறிவாள். அவ்வறிவு எந்த ஆசிரியருக்கும் வேண்டுவதே.

இறுதியாக ஒன்று. பேசியதைக் குறித்துவைத்து, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலே வாசித்தல் வேண்டும். எது நிறைவேறிற்று, எது நிறைவேறவில்லை, ஏன் என்று கூறாவிடின், ஒருமுறை வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

இலவசக் கல்வி என்பது விலையின்றி வந்ததன்று. நாம் வாங்கும் பண்டங்களின்மீது செலுத்தும் வரியே ஆசிரியரின் சம்பளமாகவும் பிள்ளையின் பாடநூலாகவும் திரும்பி வருகின்றது. கூரை வேய்ந்த அந்நாளைய ஊராருக்கு இருந்த உரிமை இன்று நமக்கும் உண்டு. அன்று ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்கும் அது சமமாக உண்டு. ஆதலால், நேயர்களே, அடுத்த முறை பிள்ளை கடிதம் கொண்டுவரும்போது காசைப்பற்றிய கேள்வி சற்றே பொறுத்திருக்கட்டும். “எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாசிக்க வருகின்றது?” என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குச் செல்லுங்கள். செல்லும் வழியிலே, வரத் தயங்கும் அயல்வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.