பழி சுமந்த தாய்மார்கள்

“நீ வேலைக்குப் போயிட்டே, அதான் பிள்ளை பேசலை.” “கையில செல்போனைக் குடுத்துக் கெடுத்துட்டே.” “மாசமா இருக்கும்போது என்னத்தைச் சாப்பிட்டியோ!” ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பெற்றவள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே இவற்றில் ஒன்றையாவது கேட்டுவிடுகிறாள். சொல்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இந்தப் பழியைத் தாயின் தலையில் சுமத்தியது.

1943-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கன்னர், தன்னிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களைவிடப் பொருள்களிடம் ஈடுபாடு, கேட்டதையே திருப்பிச் சொல்லும் பேச்சு, அன்றாட வழக்கம் கொஞ்சம் மாறினாலும் தாங்க முடியாத தவிப்பு. ஆட்டிசத்தின் இந்த அடையாளங்கள் பிறவியிலேயே அமைந்தவை என்றுதான் அவர் முடிவு சொன்னார். கூடவே, அந்தப் பெற்றோர்களில் பாசத்தை வெளிக்காட்டுபவர்கள் மிகக் குறைவு என்றும் எழுதிவைத்தார். 1949-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பனி உருகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களைப் போல அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததாகக் குறிப்பிட்டார். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற பட்டம் அப்படித்தான் வந்தது.

சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் அந்தக் கருத்தை ஊரறியச் செய்தார். நாஜி வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். 1967-ல் வெளிவந்த நூலில், ஆட்டிசக் குழந்தையின் நிலையை முகாம் கைதியின் நிலையோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டில் காவலரின் இடம் பெற்றோருக்கு. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்றானது. எத்தனையோ தாய்மார்கள் தங்கள் அன்பையே சந்தேகித்துக் குமைந்தார்கள்.

இதை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் பெற்றோர்களே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்டின் மகனுக்கு ஆட்டிசம். தன் மனைவியின் வளர்ப்பில் குறையில்லை என்று அவருக்குத் தெரியும். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, ஆட்டிசத்தின் வேர் உடலியலில் இருக்கிறது என்று 1964-ல் நூல் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் கன்னர். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில், உங்கள்மீது குற்றமில்லை என்று கன்னரே அறிவித்தார். லண்டனில் லோர்னா விங் என்ற மனநல மருத்துவர், தன் மகளுக்கு ஆட்டிசம் இருந்ததால், மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து 1962-ல் ஒரு சங்கம் தொடங்கினார். 1977-ல் வந்த இரட்டையர் ஆய்வு, மரபணுக்களின் பங்கை வலுவாகக் காட்டியது.

பிறகு பழி தடுப்பூசிப் பக்கம் திரும்பியது. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அதற்குத் தூபம் போட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆட்டிசம் உள்ள ஒருவர் சரளமாகப் பேசுவார்; இன்னொருவருக்குப் பேச்சே வராது. ஆட்டிசம் வாழ்நாள் முழுக்க உடன் வரும் இயல்பு. ‘குணமாக்கிவிடுவோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

உண்மையில் உதவுபவை செலவு குறைந்த, பொறுமை கேட்கும் காரியங்கள். காலையில் தினமும் அழுது புரளும் குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததே பிரச்சினையாக இருக்கலாம். பல் துலக்குவது, குளிப்பது, இட்லி சாப்பிடுவது, வேன் ஏறுவது என்று நான்கு படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் குழந்தை அந்தப் படத்தைப் பிய்த்து டப்பாவில் போடுகிறது. பேச்சு வராத பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் அதுவும் பேச்சுதான். உடனே தண்ணீர் தர வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு, மறுபடி கேட்காமல் சற்றுக் காத்திருந்தாலே பல பிள்ளைகளிடமிருந்து பதில் வரும்.

ஓசையும் தொடுகையும் இன்னொரு சிக்கல். மிக்ஸி ஓடும் சத்தம், சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள், கல்யாண மண்டபத்தின் கெட்டிமேளம் ஆகியவை சிலருக்குத் தாங்கவே முடியாத வேதனை. காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்து “அடம் பிடிக்குது, ரெண்டு போடு” என்கிறார்கள். அடித்தால் அந்த வேதனை கூடுமே தவிரக் குறையாது. ஓசையில்லாத இடத்துக்கு அழைத்துப் போவதும், முன்கூட்டியே காதுக்கவசம் மாட்டிவிடுவதும் பலன் தரும்.

இந்தியாவில் சட்டமும் முன்னேறியிருக்கிறது. 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ன் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. மாற்றுத்திறன் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்குச் சேர்த்து 1 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் ‘நிராமயா’ திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கும். இவ்வளவு இருந்தும், “இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்க முடியாது” என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. காரணம் காட்டாமல் சேர்க்கை மறுத்தால், அந்த மறுப்பை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரலால் எதையும் சுட்டிக்காட்டாத, கற்ற சொற்களை இழக்கும் குழந்தை உங்கள் குடும்பத்தில் இருந்தால், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அந்தக் குடும்பத்தை அழைக்கும்போது, பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லி, மண்டபத்தில் சத்தமில்லாத ஓர் அறையை அவர்களுக்காக ஒதுக்கி வையுங்கள்.