குதிரை பாதியானால் வேகமும் பாதியா?

பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு தபால் அட்டை வந்திருக்கிறது. சென்ட்ரலுக்குள் நுழைய சிக்னல் கிடைக்காமல் அந்த ஊரில் நின்று பெருமூச்சு விடாத ரயில் பயணி கிடையாது. அங்கிருந்து ஒருவர் உச்ச வேகத்தைப் பற்றிக் கேட்கிறார் என்பதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கேள்வி இதுதான்: "1985-ல் நம் மெட்ராஸ் தயாரிப்பாக ஸ்டாண்டர்டு 2000 என்றொரு கார் வந்தது. இங்கிலாந்து ரோவர் எஸ்.டி.1 காரின் அதே உடம்பு. அங்கே அது மணிக்கு 200 கி.மீ. போனது. இங்கே போட்ட எஞ்சினுக்கு ஏறக்குறைய பாதிக் குதிரைத்திறன். அப்படியானால் வேகமும் பாதியாகி 100-ல் நின்றிருக்க வேண்டுமே? இன்னொன்று: புதுப்பேட்டையில் ஸ்பாய்லர் வாங்கிப் பழைய காரில் மாட்டினால் வேகம் கூடுமா? மச்சான் கூடும் என்கிறார்."

மச்சானைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். ரோவர் எஸ்.டி.1 வந்தது 1976-ல். வடிவமைத்த டேவிட் பாஷ், ஃபெராரி டேடோனாவின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வரைந்தார். 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரை. வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலை அந்த உடம்பை வாங்கி, நம் சாலைக்காகக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளே வைத்தது 1940-களின் வான்கார்டு காரிலிருந்து வந்த 1991 சி.சி. எஞ்சின். எண்பதைச் சற்றே தாண்டிய குதிரை. 1988-ல் எல்லாம் முடிந்தது. அந்த எஞ்சினை இதோடு மறந்துவிடாதீர்கள், ஐரோப்பாவில் ஒரு சாகசம் செய்துவிட்டு வந்தது அது.

இனி கணக்கு. அந்த உடம்பு 20 கி.மீ. வேகத்தில் ஊரும்போது, காற்றை விலக்க மட்டும் எவ்வளவு திறன் வேண்டும்? ஏறத்தாழ 77 வாட். உங்கள் வீட்டில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் ஒன்று. வேகத்தை இரட்டிப்பாக்கி 40-க்குப் போனால் இரண்டு ஃபேன் போதாது, எட்டு வேண்டும். 80-ல் 64. 160-ல் 512 ஃபேன்! கல்யாண மண்டபம் நான்கைந்துக்குத் தாராளமாகப் போதும். அது 39 கிலோவாட், அதாவது ஐம்பது சொச்சம் குதிரை. டயர் உருளத் தின்பது, கியரும் ஆக்சிலும் தின்பது எல்லாம் சேர்த்தால் எஞ்சின் எண்பதை நெருங்கிக் கொடுக்கவேண்டியிருக்கும்.

ஆக, வாசகருக்கு விடை: குதிரை பாதியானால் வேகம் பாதியாவதில்லை, ஐந்தில் ஒரு பங்குதான் போகும். 200 இருந்த இடத்தில் 160. இதைத் திருப்பிப் படித்தால் விளம்பரக்காரர்களுக்குப் பிடிக்காது. அதே ரோவர் பின்னால் 190 குதிரையோடு 'விட்டெஸ்' என்ற பெயரில் வந்தது. முப்பத்தைந்து குதிரை கூடுதல், கிடைத்த வேகம் பதினைந்து கி.மீ. அளவில். நம்மூர்க் காரின் 160-ம் காகிதத்தில் போட்ட கணக்குத்தான். உடம்பை உயர்த்தினால் அடியில் நுழையும் காற்று கூடும். அந்தக் காலக் குதிரைத்திறன் கணக்கும் பலசமயம் சைலன்சர், டைனமோ எதுவும் மாட்டாத எஞ்சினை மேசையில் வைத்து அளந்தது.

எட்டு மடங்கு எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போங்கள். பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடங்கள். இரட்டை வேகத்தில் நடந்தால் ஒரு நிமிடத்தில் இரண்டு மடங்கு ஆட்கள் மேல் இடிப்பீர்கள். ஒவ்வொருவரையும் இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளியும் விடுவீர்கள். விசை நான்கு மடங்கு. அதே நேரத்தில் கடக்கும் தூரமும் இரட்டிப்பு, ஆக எட்டு. திட்டு எத்தனை மடங்கு என்று இயற்பியல் சொல்வதில்லை.

எல்லாரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் மூக்கு கூராக இருந்தால் கார் பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்குச் சுவையான இடம் முதுகுப்பக்கம். நீங்கள் ஒதுக்கிவிட்டவர்கள் எங்கே போகிறார்கள்? மீனைப் பார்க்க மறுபடி உங்கள் பின்னால் வந்து சேர்கிறார்கள். நெருக்கமாக வந்து சேர்ந்தால் அவர்கள் தோள் உங்கள் முதுகில் அழுத்தி முன்னால் தள்ளும். முன்னே செலவழித்த தள்ளு பின்னே திரும்பக் கிடைக்கிறது! உராய்வே இல்லாத கூட்டமாக இருந்தால் முழுதும் திரும்பக் கிடைத்துவிடும், தடை பூஜ்யம். பிரெஞ்சுக் கணிதர் தலாம்பேர் 1752-ல் இப்படித்தான் ஒரு விடையைக் கண்டு, அது நடப்புக்கு ஒத்துவராமல் விழித்தார்.

ஒத்துவராததன் காரணம், பெட்டியை ஒட்டி உரசிக்கொண்டு போகிறவர்கள். உரசி உரசி அவர்கள் தளர்ந்துபோகிறார்கள். பின்பக்கம் போகப்போக அழுத்தம் கூடுவதால் அது அவர்களுக்கு மேடு ஏறுவதுபோல. தளர்ந்தவர் பாதி மேட்டில் நின்று பிரிந்துவிடுகிறார். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். அதில் ஒரு நாய், இரண்டு சிறுவர்கள், ஒரு பிளாஸ்டிக் பை, எல்லாம் சுற்றிச் சுற்றி உங்களோடே வருகின்றன. அவர்களையும் இழுத்துக்கொண்டு போவது நீங்கள்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியின் முதுகை ஒட்டிப் பைக் ஓட்டுகிறவர்கள் அந்தச் சிறுவர்களின் வேலையைத்தான் செய்கிறார்கள். காற்று அடிக்காது, உண்மை. பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்பதும் உண்மை.

உவமையை இதற்குமேல் இழுத்தால் மீன் நாறிவிடும். முதுகை மட்டும் விடப்போவதில்லை.

முதுகைச் சரித்துவிட்டால் காற்று பிரியாமல் வழிந்து இறங்குமே? பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றின் அழகும் அந்தச் சரிவில்தான். எஸ்.ஆர். அகமது என்ற ஆய்வாளர் ஜெர்மனியில் இதைச் சோதித்து 1984-ல் வெளியிட்டார். பார்க்க ரொட்டித் துண்டு மாதிரி ஒரு கட்டை. பின் சரிவை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். சுமார் 12 பாகையில் இழுவை எண் 0.23. ஆகா என்று மேலும் சரித்தால் ஏறுகிறது. 30 பாகையில் 0.38-ஐத் தொட்டது. அதைத் தாண்டியதும் சட்டென்று 0.26-க்குச் சரிந்தது.

காரணம் கயிறு. காரின் சரிந்த பின்கண்ணாடியின் மேல் அழுத்தம் குறைவு, பக்கவாட்டில் அதிகம். பக்கத்துக் காற்று விளிம்பைத் தாண்டிக் கண்ணாடி மேல் சுருண்டு விழுகிறது. இரண்டு ஓரத்திலும் தேங்காய்நார் திரிப்பதுபோல இரண்டு சுழல்கள் முறுக்கிக்கொண்டு பின்னால் நீளுகின்றன. திரிப்பதற்கான கூலியைப் பெட்ரோல் கொடுக்கிறது. அந்த முறுக்கு, காற்றைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒட்டிய இடத்தின் குறைந்த அழுத்தம் காரையே பின்னோக்கி உறிஞ்சுகிறது. சரிவு கூடக்கூட முறுக்கும் கூடி, 30 பாகையில் கயிறு அறுந்துவிடுகிறது. அப்புறம் வெறும் வெற்றிடம்தான், அதுவே தேவலை என்றாகிவிடுகிறது. ஃபோக்ஸ்வேகன் பொறியாளர்கள் கோல்ஃப் காரைச் சோதித்தபோது 1970-களிலேயே இதில் மாட்டி வியந்தார்கள்.

ஆகவே அழகை நம்பிக் காற்றைக் கணிக்காதீர்கள். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். பார்த்தால் எண்ணெய் தடவிய விலாங்கு. காற்றுச் சுரங்கத்தில் வைத்தால் இழுவை எண் 0.44 அளவு. இன்று நம் தெருவில் நிற்கும் குட்டிக் குடும்பக் கார்கள் அதைவிட வழுக்கும். மணிக்கு 150 மைல் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதியது, அவர்களுக்கென்று தனியாகத் தயார்செய்து தந்த கார்களை ஓட்டித்தான். கடையில் வாங்கியவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

இனி அந்த எஞ்சினின் சாகசம். வான்கார்டின் எஞ்சின் குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது, டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. டி.ஆர்.2-ல் அதே 1991 சி.சி., 90 குதிரை. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் அதை ஓட்டினார். கூரையும் பக்கத்திரையும் பூட்டிய சாதாரணக் கோலத்தில் 185 கி.மீ. அளவு. பிறகு முன்கண்ணாடியைக் கழற்றி ஒரு சின்னத் தடுப்பு, ஓட்டுநர் தவிர மற்ற இருக்கைக்கு உலோக மூடி, பின்சக்கரங்களுக்குப் பாவாடை, வயிற்றுக்கு நீளமாக ஒரு தகடு. வேகம் 200! எட்டு சதவீதம் கூடுவதற்குத் தடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த வயிற்றுத் தகடுதான் எனக்குப் பிடித்தது. புகைப்படத்தில் தெரியாது, எந்த விளம்பரத்திலும் வராது. நம்மூரில் அதே சி.சி. எஞ்சினை வைத்த காருக்கு வயிற்றை உயர்த்தினோம். குழிகளுக்கு அது நியாயம்தான்.

சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் 1990-க்கு முன்பு வரை அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு எல்லாம் பந்தயம் ஓடின. அங்கே ஓட்டியவர்கள் குதிரைக்காக எவ்வளவு மெனக்கெட்டார்களோ அதில் கால்வாசி காற்றுக்காக மெனக்கெட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. நீண்ட நேர்ப்பாதையில்தான் காற்று வசூலுக்கு வரும்.

இப்போது மச்சான். ஸ்பாய்லரின் வேலை, காற்று எங்கே பிரியவேண்டும் என்று அதற்கு ஓர் இடம் காட்டுவது. பின்புறம் மேலே தூக்கப்படுவதைக் குறைப்பதும் அதுதான். 1972-ல் போர்ஷ் 911 கரேரா ஆர்.எஸ். காரில் வைத்த வாத்துவால் ஸ்பாய்லர் அந்த வேலையை அழகாகச் செய்தது. அதைக் காற்றுச் சுரங்கத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து வைத்தார்கள். புதுப்பேட்டையில் கிடைப்பது எந்தக் காருக்கு, எந்தச் சரிவுக்கு அளவெடுத்தது? தவறான இடத்தில் மாட்டினால் அது இன்னொரு ஐஸ் பெட்டி.

சரியாகவே அமைந்து தடையில் ஐந்து சதவீதம் மிச்சமானது என்று வைத்துக்கொள்வோம். பேசின் பிரிட்ஜ் சாலையில் 20-ல் ஊரும்போது அந்த மிச்சம் நான்கு வாட்டுக்குக் கீழே. முன்பு பூஜை அறையில் எரியுமே ஜீரோ வாட் பல்பு, அது இதைப்போல மூன்று மடங்கு குடிக்கும்.